உள்ளே நிற்கும் காவல்: காசநோயும் நம் எதிர்ப்பாற்றலும்

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் செல்லும் மின்சார ரயிலில் குரோம்பேட்டைக்கு அடுத்த நிலையத்தின் பெயர் தாம்பரம் சானடோரியம். கோவிலம்பாக்கம், மேடவாக்கம், செம்பாக்கம் பகுதிகளில் வாழும் நமக்கு மிகவும் பழகிய பெயர். அதன் பொருளை நினைத்துப் பார்ப்பவர்கள் குறைவு. காசநோயாளிகள் பல மாதங்கள் தங்கி உடல் தேறுவதற்கென அமைந்த இல்லத்தைச் சானடோரியம் என்பார்கள். டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928-இல் அங்கே தொடங்கிய அத்தகைய இல்லம், 1937-இல் அரசின் பொறுப்புக்கு வந்தது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக விளங்குகிறது.

அந்த இல்லம் தொடங்கப்பட்டபோது காசநோய்க் கிருமியைக் கொல்லும் மருந்து உலகில் எங்கும் இல்லை. அக்கிருமியை வென்ற முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் 1943-இல்தான் கண்டறியப்பட்டது. அதுவரை உலகெங்கும் சானடோரியங்களில் அளிக்கப்பட்ட சிகிச்சையில் ஓய்வு, தூய காற்று, சத்தான உணவு ஆகியவையே முதன்மையானவை. நோயாளியின் உடல் தானே கிருமியை அடக்க வேண்டும், அதற்குத் துணை நிற்பதே மருத்துவம் என்பது அக்கால நம்பிக்கை. சிலர் தேறினார்கள். பலர் தேறவில்லை.

ஒரே கிருமி, ஒரே காற்று, ஒரே உணவு. ஆயினும் ஒருவர் பிழைத்தார், அடுத்த படுக்கையில் இருந்தவர் பிழைக்கவில்லை. இந்த வேறுபாட்டுக்குப் பெரிதும் காரணமாக இருந்தது நோய் எதிர்ப்பாற்றல். கொரோனா காலத்திற்குப் பிறகு இச்சொல் எல்லோர் வாயிலும் வழங்குகிறது. எதிர்ப்பாற்றலைக் கூட்ட என்ன சாப்பிடலாம் என்று கேட்காத குடும்பம் இல்லை. அந்தக் கேள்விக்கு விடை காண வேண்டுமானால், உடல் எவ்வாறு தன்னைக் காத்துக்கொள்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும். அதனை அறிவதற்குக் காசநோயைவிடத் தெளிவான பாடம் வேறில்லை.

மூன்று காவல் நிலைகள்

உடலின் முதற்காவல் தோல். அடுத்து மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய் ஆகியவற்றின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் ஈரமான சவ்வு. மூச்சுக்குழாயின் சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் இடைவிடாமல் அசைந்து, தூசியையும் கிருமியையும் சளியில் சிக்கவைத்து மேல்நோக்கித் தள்ளுகின்றன. நாம் இருமுவதும் தும்முவதும் இந்தக் காவலின் பகுதிதான். புகைப்பிடிப்பவர்களிடம் இந்நுண்மயிர்கள் செயலிழந்து போகின்றன. அவர்களுக்கு நுரையீரல் நோய்கள் எளிதில் வருவதற்கு அது ஒரு காரணம்.

முதற்காவலைக் கடந்து உள்ளே நுழையும் கிருமியை இரத்தத்திலும் திசுக்களிலும் உள்ள வெள்ளையணுக்கள் எதிர்கொள்கின்றன. அவற்றுள் சில, கிருமியை அப்படியே விழுங்கிச் செரித்துவிடும். 1882-இல் ரஷ்ய விஞ்ஞானி எலீ மெச்னிக்கோவ், நட்சத்திர மீனின் இளம் உயிரியில் ரோஜா முள்ளைச் செருகி நுண்ணோக்கியில் பார்த்தார். முள்ளைச் சூழ்ந்து அணுக்கள் திரண்டு நின்றதைக் கண்டார். விழுங்கும் அணுக்களைப் பற்றிய அறிவு அங்கிருந்துதான் வளர்ந்தது. காலில் முள் தைத்த இடம் சிவந்து, வீங்கி, சூடாகி, வலிப்பதை நாம் எல்லோரும் அறிவோம். அந்த வீக்கம் நம் அணுக்கள் அங்கே வந்து சேர்ந்துவிட்டதன் அடையாளம்.

இவ்விரண்டாம் காவல் விரைவானது. ஆனால் அதற்கு ஆள் அடையாளம் தெரியாது. எந்தக் கிருமி வந்தாலும் ஏறக்குறைய ஒரே விதமாகத்தான் அது தாக்கும். மூன்றாம் காவல் மெதுவானது, ஆயினும் கூர்மையானது. கிருமியின் துணுக்குகளைச் சில அணுக்கள் அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களுக்குக் கொண்டு செல்கின்றன. தொண்டை நோவின்போது கழுத்தில் நெறி கட்டுகிறது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது இக்கணுக்கள் வீங்குவதைத்தான். அங்கே குறிப்பிட்ட அந்தக் கிருமியை மட்டும் அடையாளம் காணவல்ல டி அணுக்களும் பி அணுக்களும் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பல்கிப் பெருகுகின்றன. பி அணுக்கள் எதிர்ப்பொருள்களைச் சுரக்கின்றன. டி அணுக்கள் மற்ற அணுக்களுக்கு ஆணையிடுகின்றன, கிருமி புகுந்த அணுக்களை அழிக்கின்றன. போர் முடிந்த பின்னும் அவற்றுள் சில நினைவு அணுக்களாக ஆண்டுக்கணக்கில் உடலில் தங்கிவிடும். அம்மை ஒருமுறை வந்தவர்க்கு மறுமுறை பொதுவாக வருவதில்லை என்பதற்கு அந்த நினைவே காரணம்.

காவலனின் உள்ளேயே வாழும் எதிரி

இத்தனை காவல்களையும் ஏமாற்றக் கற்ற கிருமி காசநோய்க் கிருமி. நோயுற்றவர் இருமும்போது காற்றில் மிதக்கும் நுண்துளிகள் வழியே அது நுரையீரலின் கடைசிக் காற்றறைகள் வரை சென்றுவிடுகிறது. அங்கே விழுங்கும் அணுக்கள் அதனை விழுங்குகின்றன. பிற கிருமிகள் இந்தக் கட்டத்தில் செரிக்கப்பட்டுவிடும். காசநோய்க் கிருமியோ மெழுகு போன்ற தடித்த உறை உடையது. விழுங்கிய அணுவின் செரிமானச் செயலைத் தடுத்து, அதற்குள்ளேயே குடியிருந்து, மெல்லப் பெருகத் தொடங்குகிறது.

சில வாரங்களில் டி அணுக்கள் வந்து சேர்கின்றன. அவை சுரக்கும் இன்டர்ஃபெரான் என்னும் வேதிச் செய்தி, சோர்ந்து கிடந்த விழுங்கும் அணுக்களைத் தட்டி எழுப்புகிறது. அவற்றால் கிருமிகள் அனைத்தையும் கொல்ல முடியாமற்போனாலும், ஒன்றையொன்று நெருங்கி, கிருமியைச் சுற்றி அடுக்கடுக்காகச் சுவர் போல நின்றுகொள்கின்றன. இந்தச் சிறு முடிச்சை மருத்துவர்கள் கிரானுலோமா என்பார்கள். அதற்குள்ளே கிருமி சாகாமலும் பெருகாமலும் பல ஆண்டுகள் அடைபட்டுக் கிடக்கக்கூடும்.

உலக மக்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருடைய உடலில் இக்கிருமி தொற்றியிருக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அவர்களுக்கு இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, பிறர்க்கு அவர்களால் தொற்றுவதும் இல்லை. அவர்களுள் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கே வாழ்நாளில் எப்போதேனும் நோய் வெளிப்படுகிறது. மற்றவர்களின் உடல் தன் காவலைக் கைவிடுவதில்லை.

ஆகவே எதிர்ப்பாற்றல் என்றால் கிருமியை உடனே ஒழித்துக்கட்டும் வலிமை என்று மட்டும் எண்ணலாகாது. ஒழிக்க முடியாத எதிரியை நாள்தோறும், ஆண்டுதோறும் அடைத்து வைத்திருக்கும் பொறுமையும் எதிர்ப்பாற்றலே.

சுவர் தளரும் வேளைகள்

இந்தச் சுவரைத் தளர்த்துபவை எவை என்பதை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டும். உணவுக் குறைவு முதலாவது. கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோய் இரண்டாவது. அது காசநோய்க்கான வாய்ப்பை ஏறக்குறைய இரண்டு, மூன்று மடங்கு உயர்த்துகிறது. புகைப்பழக்கம், மது, முதுமை, நாட்பட்ட சிறுநீரக நோய் ஆகியவையும் இப்பட்டியலில் உண்டு. முடக்குவாதம் போன்ற நோய்களுக்காக நீண்ட நாள் ஸ்டீராய்டு உட்கொள்பவர்களும் கவனமாக இருக்க வேண்டும். அந்நோய்க்கே தரப்படும் சில புதிய ஊசி மருந்துகள், கிரானுலோமாவைக் கட்டிக்காக்கும் வேதிப்பொருளையே தடுப்பவை. அதனால்தான் அவற்றைத் தொடங்கும் முன் மருத்துவர்கள் காசநோய்த் தொற்று உண்டா என்று பரிசோதிக்கிறார்கள். மூட்டு வலிக்கு வந்தவருக்கு நெஞ்சு எக்ஸ்ரே எதற்கு என்று கேட்கும் உறவினர்களுக்கு விடை இதுவே.

டி அணுக்கள் இல்லாமற்போனால் என்ன நேரும் என்பதைத் தாம்பரம் கண்கூடாகக் கண்டது. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவில் முதன்முறையாக எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தார்கள். அந்த வைரஸ், ஆணையிடும் டி அணுக்களையே குறிவைத்து அழிப்பது. அவ்வணுக்கள் குறையக் குறைய, நெடுங்காலம் அடைபட்டுக் கிடந்த காசநோய்க் கிருமி சுவரை உடைத்துக்கொண்டு வெளிவந்தது. பிற இடங்களில் இடம் மறுக்கப்பட்டவர்களும் நாடிவந்த பெரிய எச்.ஐ.வி. சிகிச்சை மையமாகத் தாம்பரம் மருத்துவமனை மாறியது. 2004 ஏப்ரல் 1 அன்று மத்திய அரசு இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கியபோது, முதல் மையங்களுள் அதுவும் ஒன்று. அம்மருந்துகள் வைரஸை அடக்கியதும் டி அணுக்கள் மீண்டும் பெருகின, காவலும் திரும்பியது. மருந்தைத் தவறாமல் உட்கொள்ளும் எச்.ஐ.வி. தொற்றாளர்கள் இன்று நெடுங்காலம் நலமாக வாழ்கிறார்கள்.

கூடுவதும் குற்றமே

எதிர்ப்பாற்றல் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது சரியன்று. மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, உடல் மெலிவு ஆகிய காசநோய் அறிகுறிகள் பெரும்பாலும் கிருமி நேரடியாக விளைப்பவை அல்ல. போராடும் அணுக்கள் சுரக்கும் வேதிப்பொருள்களால் விளைபவை. நுரையீரலில் குழி விழுவதற்கும் கட்டுமீறிய அந்தப் போரே பெரும்பங்கு காரணம். மூளையுறையில் காசநோய் வந்தவர்களுக்கு, கிருமியைக் கொல்லும் மருந்துகளோடு ஸ்டீராய்டையும் சேர்த்து மருத்துவர்கள் தருகிறார்கள். போரின் வேகத்தைச் சற்றுத் தணித்து மூளையைக் காப்பதே அதன் நோக்கம். மேலே ஆபத்து என்று சொல்லப்பட்ட ஸ்டீராய்டு இங்கே உயிர்காக்கும் மருந்தாகிறது. உரிய மருந்துகளின் துணையும் மருத்துவரின் கண்காணிப்பும் இருப்பதால்தான் அது சாத்தியமாகிறது.

ஆதலால் எதிர்ப்பாற்றலைக் கூட்டும் என்று விற்கப்படும் பொடியையோ பானத்தையோ நம்பி, சிகிச்சையைத் தள்ளிப் போடாதீர்கள். உடலுக்கு வேண்டியது அளவோடு, இடையறாது நிற்கும் காவல். அது சத்தான உணவு, உறக்கம், கட்டுப்பாட்டில் உள்ள சர்க்கரை, புகையும் மதுவும் இல்லாத வாழ்வு, உரிய தடுப்பூசிகள் ஆகியவற்றால் நிலைபெறுகிறது.

தடுப்பூசி தருவதும் தராததும்

கிருமி வருமுன்பே நினைவு அணுக்களை உருவாக்கித் தருவது தடுப்பூசி. பிறந்த குழந்தையின் இடது தோளில் போடப்படும் பி.சி.ஜி. தடுப்பூசியைத் தயாரிக்கும் ஆய்வகம் 1948-இல் நம் கிண்டியில் அமைக்கப்பட்டது. அத்தடுப்பூசி பெரியவர்களைக் காக்குமா என்பதை அறிய, 1968-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கிராமங்களில் மிகப் பெரிய ஆய்வு ஒன்று தொடங்கியது. இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் பங்கேற்றனர். அவர்களைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று தெரிந்தது.

அதனால் பி.சி.ஜி. வீண் என்று கருதிவிடக் கூடாது. மூளையுறைக் காசநோய், உடலெங்கும் பரவும் காசநோய் ஆகிய கொடிய வகைகளிலிருந்து அது குழந்தைகளைக் காக்கிறது. குழந்தைக்கு அதனைத் தவறாமல் போட வேண்டும். ஆனால் சிறுவயதில் போட்ட ஊசியின் தழும்பு தோளில் இருக்கிறது, எனக்குக் காசநோய் வராது என்று பெரியவர்கள் நினைத்திருப்பது தவறு.

மருந்தும் உணவும்

1956-இல் சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கப்பட்டது. நோயாளிகளில் ஒரு பகுதியினர் சானடோரியத்தில் ஓய்வோடும் நல்ல உணவோடும் மருந்து உட்கொண்டார்கள். மற்றொரு பகுதியினர் நெருக்கடியான தம் சிறு வீடுகளிலேயே, எளிய உணவோடு அதே மருந்தை உட்கொண்டார்கள். 1959-இல் வெளிவந்த முடிவு உலகின் காசநோய் மருத்துவத்தையே மாற்றியது. இரு சாராரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தார்கள். வீட்டிலிருந்து சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தினருக்கு அதனால் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. சரியான மருந்தை முழுமையாக உட்கொண்டால், தாயையும் தந்தையையும் குடும்பத்திலிருந்து பிரித்து வைக்க வேண்டியதில்லை என்பதை உலகுக்குக் காட்டிய ஊர் சென்னை.

அப்படியானால் உணவு தேவையில்லையா? தேவை. அதற்கும் சான்று உண்டு. அதே சேத்துப்பட்டு மையம் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக வளர்ந்திருக்கிறது. அந்நிறுவனமும் பங்கேற்று ஜார்க்கண்ட் மாநிலத்தில் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளியாயின. நோயாளியின் வீட்டிலிருந்த மற்றவர்களுக்கும் மாதந்தோறும் அரிசி, பருப்பு, நுண்ணூட்ட மாத்திரைகள் வழங்கப்பட்ட குடும்பங்களில், புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்திருந்தது. எதிர்ப்பாற்றலைக் காத்தது அரிதான மூலிகையன்று, அரிசியும் பருப்பும்தான்.

கிருமியைக் கொல்வது மருந்தின் வேலை. மருந்து முடிந்த பின்னும் வாழ்நாள் முழுதும் காவல் நிற்பது உடலின் வேலை. ஒன்றின் இடத்தை மற்றொன்று நிரப்ப முடியாது.

குடும்பத்தார் செய்ய வேண்டியவை

இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல், மாலையில் காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, இரவு வியர்வை, சளியில் இரத்தம், கழுத்தில் கரையாத நெறிக்கட்டி ஆகியவற்றுள் எதுவேனும் இருந்தால் சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் செய்துகொள்ளுங்கள். சர்க்கரை நோயாளியும் எச்.ஐ.வி. தொற்றாளரும் இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பரிசோதனைக்கும் மருந்துக்கும் கட்டணம் இல்லை.

மருந்து தொடங்கிய சில வாரங்களில் காய்ச்சல் நின்று, பசி எடுத்து, எடை கூடும். பலர் மருந்தை நிறுத்துவது அப்போதுதான். எளிதில் சாகும் கிருமிகள் முதலில் சாகின்றன, உறக்கநிலையில் இருப்பவை எஞ்சி நிற்கின்றன. அவற்றை அழிக்கவே வழக்கமான சிகிச்சை ஆறு மாதம் நீள்கிறது. இடையில் நிறுத்தினால் மருந்துக்கு அடங்காத கிருமி உருவாகும். மருந்தால் சிறுநீர் செம்மஞ்சள் நிறமாவது இயல்பு, அஞ்ச வேண்டாம். கண் மஞ்சளாதல், ஓயாத வாந்தி, பார்வை மங்கல் ஆகியவை நேர்ந்தால் உடனே மருத்துவரிடம் வாருங்கள்.

நோயாளியின் தட்டையும் தம்ளரையும் ஒதுக்கி வைக்கத் தேவையில்லை. காசநோய் பாத்திரத்தாலோ தொடுதலாலோ பரவுவதன்று, காற்றால் பரவுவது. சன்னல்களைத் திறந்து வையுங்கள். சிகிச்சையின் தொடக்க வாரங்களில் நோயாளி முகக்கவசம் அணியட்டும், இருமும்போது வாயை மூடிக்கொள்ளட்டும். வீட்டிலுள்ள மற்றவர்கள், சிறப்பாகக் குழந்தைகள், பரிசோதனை செய்துகொண்டு, மருத்துவர் கூறினால் தடுப்பு மருந்தும் உட்கொள்ள வேண்டும். அடைபட்ட கிருமியை அது வெளிவருமுன்பே ஒழிக்கும் வழி அது.

உணவில் பருப்பு, முட்டை, பால், மீன், கீரை, வேர்க்கடலை ஆகியவற்றுள் இயன்றதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சிகிச்சை பெறும் ஒவ்வொருவருக்கும் ஊட்டச்சத்துக்காக மத்திய அரசு மாதம் 1000 ரூபாய் வழங்குகிறது. அது நோயாளியின் வங்கிக் கணக்கில் வந்து சேர்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மிகவும் மெலிந்து போனாலும், மூச்சிரைத்தாலும், துணையின்றி நிற்க இயலாவிட்டாலும் தாமதிக்காமல் மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். அத்தகையவர்களைத் தொடக்கத்திலேயே இனங்கண்டு காப்பதற்காகவே தமிழ்நாடு அரசு 2022-இல் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தைத் தொடங்கியது.

அடுத்த முறை தாம்பரம் சானடோரியம் நிலையத்தைக் கடக்கும்போது, மருந்தே இல்லாத காலத்தில் தம் உடலின் காவலை மட்டும் நம்பி அங்கே காத்திருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். நமக்கு அந்தக் காவலும் உண்டு, மருந்தும் உண்டு. உங்கள் வீட்டில் யாரேனும் இரண்டு வாரமாக இருமிக்கொண்டிருந்தால், நாளைக் காலையிலேயே அவரைப் பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள்.